நூல் பிடித்தாற்போல

திரையில் ஒரு கட்டம் வரைகிறீர்கள். பக்கத்தில் இன்னொன்று. இரண்டாவதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகையில், முதல் கட்டத்தின் தலைமட்டத்துக்கு அது வரும் நொடியில் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. கட்டம் லேசாகத் துள்ளி அந்தக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்கிறது. விரலை எடுத்தால் கோடு மறைந்துவிடும். வரிசை மட்டும் நிற்கும்.

கொத்தனார் சுவர் எழுப்பும்போது நூல் கட்டுவார், வேலை முடிந்ததும் அவிழ்த்துவிடுவார். அதே வேலையைத்தான் இந்தக் கோடும் செய்கிறது. பார்க்கச் சிறிய வசதி. ஆனால் இது இந்த வடிவத்துக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

கதை தொடங்குவது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், லெக்சிங்டனில் உள்ள லிங்கன் ஆய்வுக்கூடத்தில். அங்கே டிஎக்ஸ்-2 என்றொரு கணினி 1958 முதல் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரை ஏழு அங்குலச் சதுரம். அதற்குள் 1,024-க்கு 1,024 புள்ளிகள். எம்ஐடியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஐவன் சதர்லாந்து, அந்தத் திரைமுன் உட்கார்ந்து ஸ்கெட்ச்பேட் என்ற வரைகலை மென்பொருளை எழுதினார். 1963 ஜனவரியில் ஆய்வேட்டை முடித்தபோது அவருக்கு வயது 24. வழிகாட்டியாக இருந்தவர் தகவல் கோட்பாட்டை வகுத்த கிளாட் ஷானன்.

சதர்லாந்தின் கையில் இருந்தது லைட் பென். பேனா என்று பெயர், ஆனால் அது எழுதாது, ஒளி வீசாது, பார்க்கும். திரையில் கணினி சிறிய சிலுவைக்குறி ஒன்றைக் காட்டும். பேனா அதன் ஒளியை உணர்ந்தபடி நகர, குறியும் கூடவே நகர்ந்து வரும். இப்படித்தான் கை எங்கே போகிறது என்று இயந்திரம் தெரிந்துகொண்டது.

இதில் ஒரு சிக்கல். முக்கோணம் வரைகிறோம். மூன்றாவது கோடு, தொடங்கிய புள்ளிக்கே திரும்பி வரவேண்டும். மனிதக் கைக்கு அத்தனை துல்லியம் கிடையாது. ஒரு மயிரிழை தள்ளித்தான் வந்து நிற்கும். சதர்லாந்து கைக்குப் பயிற்சி கொடுக்கவில்லை, இயந்திரத்துக்குப் பொறுமை கற்றுக்கொடுத்தார். ஏற்கெனவே வரைந்த புள்ளிக்கோ கோட்டுக்கோ அருகில் பேனா வந்தால், பேனா நிற்கும் இடத்தை விட்டுவிட்டு, அந்தப் புள்ளியையே பேனாவின் இடமாகக் கணினி எடுத்துக்கொள்ளும். அதோடு நிற்கவில்லை. அப்படிச் சேர்ந்த இரண்டு கோடுகளும் ஒரே புள்ளியைப் பகிர்ந்துகொள்ளும். அந்தப் புள்ளியை நகர்த்தினால் இரண்டு கோடுகளும் சேர்ந்தே வரும். இன்று நாம் ஸ்னாப் என்று சொல்லும் வசதியின் மூதாதை இதுதான்.

ஆய்வேட்டில் அவர் காட்டும் அறுகோணம் இன்னும் அழகு. முதலில் கைபோன போக்கில் ஆறு பக்கம் கொண்ட ஒரு உருவம். பிறகு ஒரு வட்டம். உருவத்தின் ஒவ்வொரு மூலையையும் வட்டத்தின் அருகே கொண்டுபோனால் அது வட்டத்தில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, ஆறு பக்கமும் சம நீளம் என்று ஒரு கட்டளை. கோணல்மாணலாக இருந்த உருவம் கண்ணெதிரே ஒழுங்கான அறுகோணமாகிவிடும். வட்டத்தின் வேலை முடிந்தது, அதை அழித்துவிடலாம். இப்படி ஒன்றை வரைந்து, அதைப் படியெடுத்துப் படியெடுத்து 900 அறுகோணங்களை அவர் அடுக்கினார். எப்படிச் செய்வது என்று யோசித்த நேரத்தையும் சேர்த்து அரை மணிக்கும் குறைவு. அதே அடுக்கைக் கையால் வரைய இரண்டு நாள் ஆகும் என்று வரைவுப் பிரிவினர் கணக்குச் சொன்னார்கள்.

இணையாக இரு, செங்குத்தாக இரு, சம நீளமாக இரு என்ற கட்டளைகளை ஸ்கெட்ச்பேட் படத்தோடு சேர்த்தே நினைவில் வைத்திருந்தது. அதன் பலம் அதுதான், பலவீனமும் அதுதான். பத்துக் கட்டளைகளை இட்டுவிட்டு ஒரு மூலையை இழுத்தால், நாம் எண்ணாத இன்னொரு மூலை எங்கோ நகரும். எந்தக் கட்டளை அதை இழுக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பொழுது போய்விடும்.

1980களில் வரைகலை மேசைக் கணினிக்கு வந்தபோது எளிய வழி ஒன்று பரவியது: கிரிட். 1982இல் வந்த ஆட்டோகேடும், 1984இல் மெக்கின்டோஷுக்கு வந்த மேக்டிராவும் கண்ணுக்குத் தெரியாத கட்டங்களைத் திரையில் விரித்து, வரைவதையெல்லாம் அவற்றின் சந்திப்புகளில் நிறுத்தின. ஆனால் கிரிட்டுக்குத் தன் கட்டம்தான் தெரியும், நம் படம் தெரியாது. சாய்ந்த கோட்டின் நடுப்புள்ளியோ, அளவு பொருந்தாத இரண்டு கட்டங்களுக்கு நட்டநடுவான இடமோ கிரிட்டின் சந்திப்பில் விழவேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லையே.

1986இல், செராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் எரிக் பியரும் மொரீன் ஸ்டோனும் ஒரு வழி கண்டார்கள். அவர்கள் திரும்பிப் பார்த்தது பள்ளிக்கூடத்து வடிவியல் பெட்டியை: அளவுகோல், கவராயம். சமபக்க முக்கோணம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தை வரைந்துவிட்டு, 60 பாகை வேண்டும் என்று சொன்னால் போதும். அந்தப் பக்கத்தின் இரு முனைகளிலிருந்தும் உதவிக்கோடுகள் கிளம்பும். அவை வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு அருகில் குறியைக் கொண்டுபோனால், காந்தம் இழுப்பதுபோல் அங்கே போய்ச் சேரும். மூன்றாவது மூலை கிடைத்துவிட்டது. உதவிக்கோடுகள் படத்தின் பகுதி அல்ல. வேலை முடிந்ததும் போய்விடும், பின்னால் எதையும் பிடித்து இழுக்காது. இந்த முறைக்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்னாப்-டிராகிங்.

ஸ்கெட்ச்பேட் எல்லாவற்றையும் நினைவில் வைத்தது. கிரிட் படத்தைப் பார்க்கவே இல்லை. பியரும் ஸ்டோனும் கண்டது நடுவழி: படத்தைப் பார், கேட்ட உதவியைச் செய், விலகிக்கொள். 1998இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டரின் 8ஆம் பதிப்பில் ஸ்மார்ட் கைடுகளாக வந்தவையும் இப்படித் தோன்றி மறையும் கோடுகளே.

அதே கோடு குறிப்புப் படங்கள் வரையும் செயலிகளுக்கும் வந்துவிட்டது. 2020 ஜனவரியில் பிறந்த எக்ஸ்காலிட்ரா என்ற செயலி, கையால் கிறுக்கியதுபோன்ற நெளிந்த கோடுகளுக்குப் பேர்போனது. அதுவே 2023இல் பொருள்களோடு ஒட்டிக்கொள்ளும் வசதியைச் சேர்த்துக்கொண்டது. கோடு நெளியலாம், வரிசை நெளியக்கூடாது. காரணம் இருக்கிறது. குறிப்புப் படத்தில் இடமும் பேசும். மூன்று கட்டங்களில் ஒன்று மட்டும் கொஞ்சம் இறங்கி நின்றால், அது மற்றவற்றுக்குக் கீழ்ப்பட்டதோ என்று படிப்பவர் நினைப்பார். நாம் சொல்லாத ஒன்றைப் படம் சொல்லிவிடும்.

உள்ளே நடக்கும் கணக்கு எளிது. நீங்கள் இழுக்கும் கட்டத்தின் இடது, நடு, வலது, மேல், மையம், கீழ் ஆகிய ஆறு அளவுகளையும் திரையில் தெரியும் மற்றப் பொருள்களின் அளவுகளோடு கணினி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். வித்தியாசம் சில பிக்சலுக்குள் வந்துவிட்டால், மிச்சத்தை அதுவே நகர்த்தி முடித்துவிடும். கட்டங்களுக்கு இடையிலுள்ள இடைவெளிகளையும் இதேபோல் ஒப்பிட்டுச் சமமாக்கும்.

ஆனால் கடைசித் தீர்ப்பு கண்ணுடையது. வட்டத்துக்குள் வலப்பக்கம் நோக்கும் முக்கோணத்தை வைத்து, கணக்குப்படி நடுவில் நிறுத்திப் பாருங்கள். இடப்பக்கம் ஒதுங்கியதுபோல் தெரியும். முக்கோணத்தின் பருத்த பாகம் அந்தப் பக்கம் இருப்பதால் அப்படி. அங்கே ஸ்னாப்பை அணைத்துவிட்டு, கண்ணுக்குச் சரியாகப் படும்வரை நீங்களே நகர்த்துங்கள்.

எக்ஸ்காலிட்ரா உட்படச் சில செயலிகளில் இந்த வசதி முதலில் அணைந்தே இருக்கும். இன்றே தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை கட்டத்தை இழுக்கும்போது மெல்லிய கோடு தோன்றினால், சதர்லாந்து, பியர், ஸ்டோன் என்ற மூன்று பெயர்களையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள். நம் கை நடுங்கும் என்று தெரிந்து, அதற்காக முன்கூட்டியே நூல் கட்டிவைத்தவர்கள் அவர்கள்.