உள்ளறையின் வரலாறு

தொப்பூர்க் கணவாயின் அடிவாரக் குட்டைகளில் மழை ஓய்ந்ததும் கத்தும் தவளைக்கு நமக்கில்லாத ஒரு வலிமை உண்டு. அதன் பார்வை நரம்பு அறுந்தாலும் மீண்டும் வளரும்.

1940களில் ரோஜர் ஸ்பெர்ரி தவளையின் நரம்பை அறுத்து, கண்ணை 180 பாகை திருப்பி வைத்தார். பார்வை திரும்பியது. ஆனால் பூச்சி மேலே இருக்க, தவளை கீழே பாய்ந்தது. ஒவ்வொரு இழையும் தன் பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்திருந்தது.

இழை எங்கே போகிறது என்பது அவர் கேள்வி. அதை வளர்த்தெடுக்கும் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று தங்கமீனில் தேடியவர் பெர்னிஸ் கிராஃப்ஸ்டைன். செல்லின் உடல் கூடுதலாகப் புரதம் செய்து இழைக்கு அனுப்புவதை அவர் ஆய்வுகள் காட்டின. 1981-இல் தேரையிலும் இது உறுதியானது: பின்னர் ஜிஏபி-43 எனப் பெயர்பெற்ற புரதம் அறுந்த நரம்பில் பல மடங்கு பெருகியது. முயலின் பார்வை நரம்பில் பெருகவில்லை. மரபணு முயலிடமும் உண்டு. காயம்பட்டபோது அது விழித்துக்கொள்ளவில்லை.

கிராஃப்ஸ்டைன் 1985-இல் அமெரிக்க நரம்பியல் கழகத்தின் முதல் பெண் தலைவரானார். போய்ச் சேர்ந்த இழையைக் கொண்டாடும் வரலாறு, ஊட்டி அனுப்பிய உள்ளறையை எளிதில் மறக்கிறது. நம் வீடுகளின் வரலாறும் அப்படித்தானே எழுதப்பட்டது, தோழியரே?