பிரசவத் துணைக்கு ஒரு கூலி

1900-ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேதான் பிறந்தன. தாயும் தமக்கையும் அண்டை வீட்டுக்காரியும் கட்டிலைச் சுற்றி நிற்க, தென் மாகாணங்களில் அடிமைக் காலந்தொட்டுப் பரம்பரையாக அந்த வித்தையைக் கற்று வந்த கறுப்பின மருத்துவச்சிகள், 'கிரானி', அதாவது பாட்டி, என்று ஊரார் அழைத்த மூதாட்டிகள், கறுப்பர் வீட்டிலும் வெள்ளையர் வீட்டிலும் பிரசவம் பார்த்தார்கள். 1921-இல் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் வந்த பிறகு அவர்களுக்குப் பயிற்சியும் அனுமதிச் சீட்டும் கண்காணிப்பும் ஏற்பட்டன. காலக்கிரமத்தில் அனுமதியே மறுக்கப்பட்டது. 1940-இல் பாதிக்கு மேற்பட்ட பிரசவங்களும், 1969-க்குள் நூற்றுக்கு 99-ம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. அபாயம் குறைந்தது உண்மையே. ஆனால் பாட்டியோடு கூடவே, வேதனைப்படுகிறவள் பற்றிக்கொள்வதற்கென்று இருந்த கையும் போயிற்று.

போனதற்குப் புதுப்பெயர் ஒன்று 1973-இல் கிடைத்தது. டானா ராஃபேல் என்ற மானிடவியல் அறிஞர், தாய்க்குத் துணையிருப்பவளை 'டூலா' என்றார். பண்டைக் கிரேக்கத்தில் அச்சொல்லுக்கு அடிமைப் பெண் என்று பொருள். 1980-இல் வெளியான குவாட்டமாலா ஆராய்ச்சியோ அவளுடைய மகிமையை மணிக்கணக்கிலேயே காட்டிற்று: முன்பின் அறியாத ஒரு சாதாரண ஸ்திரீ பக்கத்திலிருந்து, முதுகைத் தடவிக் கையைப் பிடித்து, இரண்டு ஆறுதல் வார்த்தை சொல்லிக்கொண்டிருந்த தாய்மார்களுக்கு, ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிரசவம் வரை சராசரி 8.8 மணி நேரமே ஆயிற்று, தனித்திருந்தவர்களுக்கு 19.3 மணி நேரம். 1991-இல் வெளியான ஹூஸ்டன் ஆராய்ச்சியிலும், துணையுள்ளவர்களில் நூற்றுக்கு 8 பேருக்கும் துணையற்றவர்களில் 18 பேருக்கும் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்க நேர்ந்தது.

இத்தனை நிரூபணம் இருந்தும், கைக்காசு செலவழிக்க வல்லவர்களுக்கே டூலா வெகுகாலம் கிட்டினாள். அமெரிக்காவில் பத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ நாலுக்குச் செலவு ஏற்பது, ஏழைகளுக்காக 1965-இல் ஏற்பட்ட மெடிக்கெய்டு என்னும் அரசாங்கக் காப்பீடு. பிரசவத்தில் உயிரிழக்கும் விகிதமோ, வெள்ளையரைக் காட்டிலும் கறுப்பினத் தாய்மாரிடையே சுமார் மூன்று மடங்கு. ஆகவே டூலாவின் ஊழியத்தையும் மெடிக்கெய்டே ஏற்கவேண்டுமென்ற கோரிக்கை வலுத்தது. ஆரெகன் மாகாணம் வழிகாட்ட, மின்னசோட்டா 2013-இல் சட்டம் இயற்றிற்று. கலிபோர்னியா 2023 ஜனவரியில் சேர்ந்துகொண்டது.

சட்டம் வந்ததே தவிரக் கூலி வரவில்லை. இராப்பகலாக உடனிருந்து ஒரு பிரசவத்தைக் கரையேற்றுகிறவளுக்கு ஆரெகன் முதலில் விதித்தது 75 டாலர்; 2017-இல் அது 350 ஆயிற்று. அந்த 75 டாலருக்காகப் படிவங்களை நிரப்பிக்கொண்டு காத்திருப்பதைவிட, பணம் படைத்தவர்களின் வீடுகளையே நாடுவோமென்று ஒருத்தி எண்ணியிருந்தால் அவளைக் குறைகூற எவருக்கும் வாயில்லை. பெயர் அடிமையினுடையதாக அமைந்தது தற்செயல். கூலியும் அப்படியே இருந்தது தற்செயலாகாது.