பால் என்னும் பங்கு

மலேசியாவின் பந்திங்கில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் பெற்றோர் நிரப்பும் பாரத்தில் 'ஜந்தினா' என்றொரு கட்டம் இருக்கும். தமிழில் அதைப் பால் என்கிறோம். மலாய்ச் சொல்லைப் பிரித்தால் ஜந்தான், பெதினா: விலங்குகளில் ஆணும் பெண்ணும். இவற்றைத் தனித்தனியே மனிதருக்குச் சொன்னால் மரியாதைக் குறைவு. ஒட்டியபின் எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது.

பால் வந்த வழி வேறு. பகு, பகுதி, பாதி, பங்கு ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. பிரித்த கூறு என்பதே பொருள். திருக்குறளை முப்பால் என்பதும், வடபால், தென்பால் என்று திசை சொல்வதும் அப்படித்தான். ஊழுக்கும் பழந்தமிழில் பால் என்று பெயர். அவரவர்க்கு வகுத்த பங்கு. ஆண், பெண் என்ற எண்ணமே அந்தச் சொல்லுக்குள் முதலில் இல்லை. ஆங்கிலத்தின் 'ஜெண்டர்' வகை, இனம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. பொருளை வைத்துப் பார்த்தால் அதற்கு நெருங்கிய உறவு பால் அல்ல, திணைதான்.

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் உயர்திணை, அஃறிணை என்று முதலில் பிரிக்கிறது. பிறகே ஐந்து பால். வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன. ஒருமை பன்மையும் இதற்குள்ளேயே அடக்கம். பலர்பாலில் ஆணும் பெண்ணும் கலந்தே நிற்கிறார்கள். ஆகவே வகுப்பில் பாலை 'ஜந்தினா' என்று மட்டும் விளக்கினால் ஐந்தில் மூன்று வெளியே நின்றுவிடும். இலக்கணம் கற்பிப்பவர்கள் பங்கு என்ற மூலப்பொருளிலிருந்தே தொடங்க வேண்டும்.

களிறு, பிடி, சேவல், பேடை என்று விலங்குக்கும் பறவைக்கும் தனிப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் தருகிறது. ஆனாலும் வினை அதைக் கண்டுகொள்வதில்லை: காளையும் வந்தது, பசுவும் வந்தது. மலாயிலோ அவனுக்கும் அவளுக்கும் 'டியா' ஒன்றே, வினையும் மாறாது. வீட்டுக்குள் 'அண்ணன் வந்தான், அக்கா வந்தாள்' என்று பிரித்துச் சொல்லும் பிள்ளை, வாசலில் நிற்கும் மலாய்த் தோழனிடம் இருவருக்கும் 'டியா டாத்தாங்' என்கிறது. தடுமாறுவதே இல்லை.

நம் பேச்சிலும் பங்குகள் இடம் மாறியிருக்கின்றன. 'மாடுங்க வந்துச்சு' என்கிறோம். பலவின்பால் வினை எழுத்தோடு நின்றுவிட்டது. பலர்பாலோ மரியாதையாக ஒருமைக்குள் நுழைந்துவிட்டது: 'அம்மா வந்தாங்க' என்றால் வந்தவர் ஒருவர்தான்.