லென்ஸும் பப்பாளிப் பாலும்

முற்றின ஆட்டுக்கறி வேக எங்கள் கடலூர்ப் பக்கம் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைப் போடுவார்கள். அதன் பாலிலுள்ள பப்பாயின் புரதத்தை அறுத்துவிடும். அதே பப்பாயின்தான் ஒரு காலத்தில் கண் லென்ஸ் கழுவும் மாத்திரையிலும் இருந்தது!

1961 கிறிஸ்துமஸ் சமயம், செக் விஞ்ஞானி ஓட்டோ விக்தெர்லே பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து வீட்டிலேயே மென்மையான லென்ஸ் வார்த்தார். 1971இல் அமெரிக்கா அனுமதித்தது. தொல்லை போடப் போடத்தான் தெரிந்தது. கண்ணீரில் லைசோசைம் என்றொரு புரதம் உண்டு. பெனிசிலினுக்கு முன்பே, 1922இல் ஃப்ளெமிங் கண்டு சொன்னது. கிருமியைக் கொல்லும் நல்ல சரக்குதான். ஆனால் லென்ஸில் படிந்து உருமாறினால் கண் உறுத்தும். மேல் இமைக்குள் பரு பருவாகத் தடிக்கும். அதற்குத்தான் வாரம் ஒருமுறை மாத்திரைக் குளியல். 1990களில் தினம் ஒன்றாக எறியும் லென்ஸ் வந்தது. படிவு சேர நாளே இல்லை.

சிதம்பரத்தில் படிக்கும் என் பேத்தி, காசு மிச்சமென்று அதையே நான்கு நாள் போட்டிருக்கிறாள். "சுத்தமாத்தானே இருக்கு தாத்தா?" படிவு நம் கண்ணுக்குத் தெரியுமுன் இமைக்குத் தெரிந்துவிடும் என்றேன். இப்போது கல்லூரிக்குக் கண்ணாடி, கல்யாணத்துக்கு லென்ஸ்.