சப்வேயில் தண்ணி எவ்வளவு?

சென்னை மேற்கு மாம்பலத்தில் குடியிருந்து தி.நகருக்கு வேலைக்குப் போய்வந்த எங்களுக்கு மழைக்காலத்தில் ஒரே கவலைதான்: துரைசாமி சப்வேயில் தண்ணி எவ்வளவு? செல்போன் இல்லாத காலத்தில் எதிரே வருகிறவரின் பேண்ட் எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்போம். கணுக்கால் என்றால் இறங்கலாம். முழங்காலைத் தாண்டியிருந்தால் வண்டியைத் திருப்ப வேண்டியதுதான். ஆட்டோக்காரரிடம், "அண்ணே, போகலாமா?" என்று குரல் கொடுத்தால், "சைலன்சருக்கு மேல நிக்குது சார், கோடம்பாக்கம் பிரிட்ஜ்ல ஏறிப் போயிடுங்க" என்பார். தடை, காரணம், மாற்றுவழி எல்லாம் அதில் அடங்கிவிடும்.

சாலையைப் பற்றிய செய்தி தெருமுனையைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டது. அந்தப் பயணத்தில் காரணம் மட்டும் வழியில் நழுவிவிட்டது என்பது என் எண்ணம்.

லாஸ் ஏஞ்சலிஸில் 1950களில் கார்கள் பெருகியபோது, வானொலி நிலையங்கள் காவல்துறைக்குப் போன்மேல் போன் போட்டு எங்கே நெரிசல் என்று நச்சரித்தன. கே.எம்.பி.சி. வானொலியின் லாய்ட் சிக்மன் ஒரு ரிசீவரையும் டேப் ரெக்கார்டரையும் இணைத்துக் கருவி ஒன்று செய்தார். காவல்துறை ஒரு ஒலிக்குறிப்பை அனுப்பியதும் ரெக்கார்டர் தானே ஓடும். அதிகாரி பேசுவது பதிவாகும். நிலையம் அதை ஒலிபரப்பும். எல்லா நிலையங்களுக்கும் கிடைத்தால்தான் சம்மதம் என்றார் காவல்துறைத் தலைவர் வில்லியம் பார்க்கர். 1955இல் தொடங்கிய அந்த அறிவிப்புக்குச் சிக்அலர்ட் என்று பெயர் நிலைத்தது. 1956 ஜனவரியில் அந்த ஊரில் ரயில் கவிழ்ந்து 30 பேர் இறந்தபோது, டாக்டர்களும் நர்சுகளும் உடனே வரவேண்டும் என்று சிக்அலர்ட் போனது. கேட்டவர்கள் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வந்து குவிந்த கார்களாலேயே நெரிசலானது. ஆனாலும் எனக்கு மனதில் நிற்பது, என்ன நடந்தது என்று தெரிந்த மாத்திரத்தில் அத்தனை பேர் புறப்பட்டதுதான்.

2009இல் கூகுள் மேப்ஸ், ஓட்டுநர்களின் போன்கள் நகரும் வேகத்தையே திரட்டத் தொடங்கியது. யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. 2012இல் சென்னை உட்பட ஆறு இந்திய நகரங்களுக்கு, நெரிசலைச் சிவப்பாகக் காட்டும் அந்த வண்ணக் கோடுகள் வந்தன. முடிவெடுக்கும் இடம் தெருமுனையிலிருந்து வீட்டுக்குள் மாறியது. அண்ணா சாலை சிவந்திருந்தால் அரைமணி கழித்துக் கிளம்புவோம், இல்லையென்றால் மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடிப்போம். ஆரம்பத்தில் காருக்குப் போட்ட கணக்கு, சந்துபொந்தில் புகுந்து போகும் பைக்குக்குப் பொருந்தவில்லை. இருசக்கர வண்டிக்கென்று தனி வழிகாட்டல் 2017 டிசம்பரில் வந்தது. முதலில் வந்தது இந்தியாவுக்குத்தான்.

எவ்வளவோ நேரம் மிச்சமானது. ஆனால் சிவப்புக் கோடு ஏன் என்று சொல்வதில்லை. ஊர்வலம் என்றால் சீக்கிரம் கலைந்துவிடும். லாரி கவிழ்ந்திருந்தால் மதியம் வரை ஆகும். நிற்பதா திரும்புவதா என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. பெர்லினில் சைமன் வெக்கர்ட் என்ற கலைஞர் ஒரு கைவண்டியில் 99 பழைய போன்களைப் போட்டு ஆளில்லாத தெருவில் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். வரைபடத்தில் அந்தத் தெரு சிவந்தது. 2020 பிப்ரவரியில் அந்தக் காணொளியை உலகமே பார்த்தது.

அதன் மறுபக்கத்தைச் சென்னை 2015 வெள்ளத்திலேயே பார்த்துவிட்டது. மூழ்கிய தெருவில் வண்டி ஓடாது. வண்டி இல்லாவிட்டால் நகரும் போன் இல்லை. போன் இல்லாவிட்டால் வரைபடத்துக்கு அந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த நவம்பர், டிசம்பர் மழையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். தெருவைத் தேடி அதன்மேல் தொட்டால், தண்ணீர் நிற்கிறது என்று குறியாகிவிடும். 2,000க்கும் மேற்பட்ட தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. மின்சாரமும் டவரும் போயிருந்த நாட்கள் அவை. சிக்னல் கிடைத்தவர்கள் மாடியிலிருந்து பார்த்ததைக் குறித்தார்கள். போனில் கேட்டறிந்து வெளியூர் உறவுகளும் குறித்தார்கள். ஜாபர்கான்பேட்டையிலிருந்து சித்தப்பாவை அழைத்துவரக் கிளம்பும்முன் அதைத்தான் பார்த்தேன். அவர் தெருவில் குறி இருந்தது. பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு, அசோக் பில்லர் வரை நடந்து போய்க் காத்திருந்தேன். மருந்துப் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். யாரோ முகம் தெரியாத அண்டை வீட்டார் போட்ட அந்தக் குறிக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

இப்போது மழை பிடித்தால், மூடிய சப்வேக்களின் பட்டியலைப் போக்குவரத்துக் காவல்துறை சமூக ஊடகத்தில் போடுகிறது. நேரில் நின்று பார்த்தவர் சொல்வது என்பதால் மேப்புக்கு முன்னால் அதைத்தான் திறக்கிறேன். மழை இல்லாத நாளிலும் இப்படி ஒரு தகவல் வேண்டும். முனையில் நிற்கும் காவலருக்குத் தெரிந்த காரணத்தையும், எப்போது சரியாகும் என்ற உத்தேசத்தையும் கூடவே போட்டால், காத்திருப்பதா சுற்றிப் போவதா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.