1872 சுரங்கச் சட்டத் திருத்தங்களும் கனிமம் தேடுவோரும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் அலாஸ்காவிலும் உள்ள கூட்டரசுப் பொது நிலங்களில் பொன், வெள்ளி, செம்பு, யுரேனியம் முதலான கனிமங்களைத் தேடுவதும் எடுப்பதும் 1872 சுரங்கச் சட்டத்தின்படி நடக்கின்றன. அதிபர் யுலிசீஸ் கிராண்ட் அந்த ஆண்டு மே 10 அன்று இதில் கையெழுத்திட்டார். இச்சட்டத்தின்படி எடுக்கும் கனிமத்துக்கு அரசுக்கு ராயல்டி கட்ட வேண்டியதில்லை. தேடப் போவதற்கு முன் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை. இதைத் திருத்தும் முயற்சி ஒவ்வொரு தலைமுறையிலும் நடந்திருக்கிறது. அப்போதெல்லாம் முதலில் எதிர்த்து நின்றவர்கள் தனியாகவோ சிறு குழுவாகவோ மலையேறிப் பொன் தேடும் எளியவர்கள். அவர்கள் சொன்னது என்ன, அதில் எவ்வளவு நியாயம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கனிமம் தேடுபவர் வேறு, சுரங்கம் நடத்துபவர் வேறு. தேடுபவர் பாறையைத் தட்டிப் பார்க்கிறார், ஓடை மணலை அரித்துப் பார்க்கிறார், தடம் கிடைத்த இடத்தில் நான்கு மூலையிலும் கம்பு நட்டு உரிமை கோருகிறார். அந்த உரிமைக்கும் அது தழுவிய நிலத்துக்கும் 'கிளெய்ம்' என்று பெயர். தாது ஓடும் பாறைநரம்பாக இருந்தால் ஒரு கிளெய்ம் 1,500 அடி நீளமும் 600 அடி அகலமும் இருக்கலாம். ஆற்று வண்டலில் கிடக்கும் பொன்னானால் ஆளுக்கு 20 ஏக்கர். கண்டுபிடித்ததைத் தாமே தோண்டிப் பிழைப்பவர்கள் உண்டு. பெரும்பாலானோரின் நம்பிக்கை, நல்ல கிளெய்மை என்றாவது ஒரு நிறுவனம் விலைக்கு வாங்கும் என்பதுதான்.

அரிக்கும் தொழிலைப் பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த நம்பிக்கையின் கனம் புரியும். ஓரம் உயர்ந்த வட்டத் தட்டில் ஓடைச் சரளையை அள்ளி, நீருக்குள் அமிழ்த்தி, சுழற்றிச் சுழற்றி ஆட்டுவார்கள். கல்லும் இலகுவான மணலும் விளிம்பு தாண்டி வழிந்தோட, கடைசியில் ஒரு கரண்டி கருமணல் தங்கும். அதையும் மெல்ல ஒதுக்கினால் தட்டின் மடிப்பில், ஊசிமுனை அளவில், ஒன்றிரண்டு மஞ்சள் பொட்டு. பல நாள் அதுவும் இராது. பொட்டு தெரிந்தால் ஓடையில் மேல்நோக்கி நடக்க வேண்டும். பொட்டு நின்றுபோகும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் பொன் ஓடைக்குள் வந்து சேர்ந்திருக்கும்.

வாய்க்கால் பெயரில் வந்த சட்டம்

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில், மரம் அறுக்கும் ஆலைக்கு வெட்டிய நீரோடையில் ஜேம்ஸ் மார்ஷல் பொன்னைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். நிலம் கூட்டரசுடையது; ஆனால் அங்கே பொன் எடுப்பதற்கென்று சட்டமே இல்லை. சுரங்கக்காரர்கள் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் கூட்டம் கூடி, தங்களுக்குத் தாங்களே விதி வகுத்துக்கொண்டார்கள். முதலில் கண்டவனுக்கு உரிமை. எல்லையைக் குறித்து வைக்க வேண்டும். வேலை செய்யாமல் போட்டுவைத்தால் உரிமை போகும். ஊர்ப் பஞ்சாயத்து போன்ற இந்த ஏற்பாட்டைப் பெருமையாகப் பேசுவோர் அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெக்சிகோக்காரரையும் சீனரையும் விரட்ட இதே கூட்டங்கள் பயன்பட்டன. 1850இல் கலிபோர்னியா, வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர் மீது மாதம் 20 டாலர் வரி போட்டது. அந்த மண்ணில் வழிவழியாக வாழ்ந்த பழங்குடிகளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் கொல்லப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள்.

முதல் 'சீர்திருத்த' முயற்சி உள்நாட்டுப் போர்க் கடனிலிருந்து பிறந்தது. கனிம நிலங்களை விற்றுக் கருவூலத்தை நிரப்பலாம் என்று காங்கிரசில் யோசனை எழுந்தது; இந்தியானாவின் ஜார்ஜ் ஜூலியன் அதை முன்னின்று வலியுறுத்தினார். மேற்கிலிருந்த சுரங்கக்காரர்கள் கொதித்தார்கள். விற்பனைக்கு விட்டால் கிழக்கத்திப் பணக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள், கண்டுபிடித்தவன் கூலியாவான் என்பது அவர்கள் வாதம். அவர்கள் சார்பில் நெவாடா செனட்டர் வில்லியம் ஸ்டூவர்ட் களமிறங்கினார். 1866இல் நிறைவேறிய முதல் சுரங்கச் சட்டத்தின் தலைப்பைப் படித்தால் அதில் சுரங்கம் என்ற சொல்லே இராது. பொது நிலத்தில் வாய்க்கால் வெட்டுவோருக்கு வழியுரிமை அளிக்கும் சட்டம் என்றும், 'பிற நோக்கங்களுக்காகவும்' என்றும் இருக்கும். அந்தப் பிற நோக்கம்தான் சுரங்கம். முகாம்களில் பிறந்த விதிகள் அப்படி நாட்டின் சட்டமாயின. வண்டல் படிவுகளுக்கான 1870ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துத் தொகுத்ததே 1872 சட்டம்.

கிளெய்ம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 டாலர் மதிப்புள்ள வேலை செய்து வந்தால் உரிமை நிலைக்கும் என்றது அது. மதிப்புள்ள கனிமம் இருப்பதை நிரூபித்தால் நிலத்துக்கே பட்டா வாங்கலாம்: பாறைநரம்பு நிலம் ஏக்கருக்கு 5 டாலர், வண்டல் நிலம் இரண்டரை டாலர். அந்த விலை பின்னர் ஒருபோதும் உயர்த்தப்படவில்லை.

சுருங்கிவந்த எல்லை

எண்ணெய், எரிவாயு, பாஸ்பேட் ஆகியவை 1920இல் குத்தகை முறைக்குப் போயின. சாதாரண மணலும் கல்லும் 1955இல் விலகின. எஞ்சியது உலோகங்களும் சில அரிய கனிமங்களும். 'மதிப்புள்ள' கனிமம் என்பதற்கான அளவுகோலும் இறுகியது. விவேகமுள்ள ஒருவர் உழைப்பையும் பணத்தையும் போடத் துணிவாரா என்பது 1894இல் வகுத்த சோதனை. லாபத்துக்கு விற்க முடியுமா என்பதையும் காட்ட வேண்டும் என்று 1968இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

1976இல் வந்த பொது நிலச் சட்டம், கிளெய்ம்களை நில மேலாண்மைப் பணியகத்தில் பதிந்து, ஒவ்வோர் ஆண்டும் 'டிசம்பர் 31க்கு முன்' தாள் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. நெவாடாவில், 1955க்கு முன்பே கோரப்பட்ட 10 கிளெய்ம்களில் சரளை எடுத்துப் பிழைத்த ஒரு குடும்பம் 1980இல் டிசம்பர் 31 அன்றே தாக்கல் செய்தது. 31க்கு முன் என்றால் 30 என்று சொல்லி பணியகம் உரிமையை ரத்து செய்தது. ஆண்டுக் கடைசி நாள் என்றே அக்குடும்பம் எண்ணியிருந்தது. யாராயினும் அப்படித்தான் எண்ணுவார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1985இல் பணியகத்தின் பக்கமே தீர்ப்பானது. சீர்திருத்தம் என்று யார் பேசினாலும் கனிமம் தேடுவோர் நடுங்குவதற்கான காரணங்களில் இந்த ஒரு நாளும் உண்டு.

1992இன் கட்டணம்

அதைவிடப் பெரிய அடி 1992 அக்டோபரில் விழுந்தது. ஆண்டு வேலைக்குப் பதிலாக, கிளெய்ம் ஒன்றுக்கு 100 டாலர் ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று காங்கிரஸ் விதித்தது. காடுமேடாய்க் கிடக்கும் இடத்தில் மண்வெட்டி பிடித்துத் தன் உடலுழைப்பால் உரிமையைக் காத்துவந்தவருக்கு, உழைப்பு செல்லாது, பணம்தான் செல்லும் என்றானது. சிறு சுரங்கக்காரர்கள் குரல் எழுப்பியதால் விலக்கு கிடைத்தது. 10 கிளெய்ம் வரை வைத்திருப்பவர் பழையபடி வேலை செய்து காட்டலாம். ஆனால் 11 இருந்தால் பதினொன்றுக்கும் கட்ட வேண்டும். பதிவில் இருந்த கிளெய்ம்களில் பாதிக்கும் மேல் அடுத்த ஆண்டுக்குள் கைவிடப்பட்டன.

கைவிடப்பட்டவற்றில் ஊக வணிகத்துக்காகத் தாளில் மட்டும் பிடித்துவைத்த கிளெய்ம்களும் ஏராளம். அவை போனதில் நட்டமில்லை. ஆயினும் ஒரு பள்ளத்தாக்கு முழுவதையும் பத்திருபது கிளெய்ம்களாகப் பிடித்து, விலை ஏறும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் பழைய வகைத் தேடுபவருக்கு அன்றோடு கதவு சாத்தியது.

ராயல்டிப் போராட்டம்

1994 மே மாதம் உள்துறைச் செயலர் புரூஸ் பாபிட், நீதிமன்ற உத்தரவால் வேறு வழியின்றி, நெவாடாவில் ஏறத்தாழ 1,950 ஏக்கர் நிலத்துக்குப் பட்டா எழுதிக் கொடுத்தார். பெற்றது கனடாவின் பாரிக் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை. கொடுத்த விலை 10,000 டாலருக்கும் குறைவு. அடியில் இருந்த பொன்னின் மதிப்பு சுமார் 1,000 கோடி டாலர். மக்கள் சொத்து கண்ணெதிரே போனதைக் கண்ட நாடு கொந்தளித்தது. அந்தக் கோபம் நியாயமானது. அதே ஆண்டு அக்டோபரில் புதிய பட்டா விண்ணப்பங்களைக் காங்கிரஸ் நிறுத்தியது. அத்தடை ஆண்டுதோறும் நீட்டிக்கப்பட்டு வருகிறது.

ராயல்டி மட்டும் வரவில்லை. மேற்கு வர்ஜீனியாவின் கீழவை உறுப்பினர் நிக் ரஹால் கொண்டுவந்த 8 சதவீத ராயல்டி மசோதா 1993இல் கீழவையில் நிறைவேறியது. செனட்டின் மசோதாவோடு இணக்கம் காண முடியாமல் அடுத்த ஆண்டு மடிந்தது. 2007 நவம்பரில் மீண்டும் 244க்கு 166 என நிறைவேறியது: புதிய சுரங்கங்களுக்கு 8, இயங்குபவற்றுக்கு 4 சதவீதம். செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்போது செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட், நெவாடாவின் சர்ச்லைட் ஊரில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 2021இன் வரவுசெலவு மசோதாவில் சேர்க்க முயன்றதும் கைகூடவில்லை. 2023 செப்டம்பரில் அரசுத் துறைகளின் கூட்டுக்குழு இன்னும் ஆழமாகப் போனது. கிளெய்ம் முறையையே விட்டுக் குத்தகைக்கு மாறலாம், நிகர வருவாயில் 4 முதல் 8 சதவீதம் வரை வாங்கலாம் என்றது.

கனிமம் தேடுவோரின் மறுமொழியில் ராயல்டியைவிடக் கனமான வாதம் இந்தக் குத்தகையைப் பற்றியதே. எண்ணெய்க்குக் குத்தகை பொருந்தும். எங்கே இருக்கக்கூடும் என்பது பரந்த அளவில் முன்பே தெரியும். உலோகத் தாது அப்படியல்ல, ஆயிரம் இடத்தில் தேடினால் ஓரிடத்தில் கிடைத்தால் அதிருஷ்டம். எங்கே தேடுவது என்பதே தேடுபவருடைய மூலதனம். அதை முதலில் ஓர் அலுவலகத்தில் சொல்லி, பின் ஏலத்தில் நின்று, பணமுள்ளவனோடு போட்டியிட வேண்டுமென்றால் அவர் ஏன் மலையேறப் போகிறார்?

அவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் சார்லஸ் ஸ்டீன். யூட்டாவின் லிஸ்பன் பள்ளத்தாக்கில் யுரேனியம் கிடையாது என்று அரசின் நிலவியலாளர்கள் ஒதுக்கிய இடத்தில், 1952இல், பழைய துளைக்கருவியோடு தேடியவர் அவர். கருவி பாதியில் உடைந்தது. கதிர்வீச்சை அளக்கும் கருவி வாங்கக் காசில்லாததால், எடுத்த கருநிறப் பாறைத் துண்டை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து, சிஸ்கோவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் இன்னொருவரின் கருவியில் காட்டினார். முள் அளவைத் தாண்டி ஓடியது. 'மி விடா' சுரங்கம் அப்படிக் கிடைத்தது.

ராயல்டியை எதிலிருந்து கணக்கிடுவது என்பதிலும் அவர்கள் வாதம் வலுவானது. மொத்த மதிப்பில் 8 சதவீதம் என்றால் செலவைக் கழிக்குமுன்பே கட்ட வேண்டும். ஒரு டன் பாறையில் ஒரு கிராம் பொன் உள்ள இடத்தில் லாபமே அவ்வளவுதான் தேறும். தாது மண்ணுக்குள்ளேயே கிடக்கும். நிகர வருவாயில் கேட்டால் பேசலாம் என்று அவர்களில் பலர் பிற்காலத்தில் இறங்கி வந்திருக்கிறார்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. 1961இல் நெவாடாவின் கார்லினில் ஜான் லிவர்மோர் கண்டுபிடித்த பொன், தட்டில் அரித்தால் தெரியாது; கண்ணுக்குப் புலப்படாத துகள். அதற்கு ஆய்வகம் வேண்டும், ஆழத் துளைக்க வேண்டும், நிறுவனம் வேண்டும். அதன்பின் நெவாடாவின் பெரும்பொன் அப்படித்தான் வந்தது. ஆகவே மண்வெட்டிக்காரரின் பெயரைச் சொல்லிக் காக்கப்பட்ட சட்டத்தின் பலனைப் பெரும்பாலும் அனுபவித்தவை பெரிய நிறுவனங்கள். 1895இல் ஸ்போகேன் நகரில் தோன்றிய வடமேற்குச் சுரங்கச் சங்கம், தூய்மைப்படுத்தும் செலவுக்கான பிணைத்தொகை விதியை 1998இல் நீதிமன்றத்தில் முறியடித்தது. சிறு சுரங்கக்காரர் யார் என்பதை அரசு தவறாக வரையறுத்துவிட்டது என்பதே அவ்வழக்கின் அச்சாணி. சரியான வரையறைப்படி 500 ஊழியர்கள் வரை வைத்திருக்கும் நிறுவனமும் 'சிறு' கணக்கில் வரும். பிணைத்தொகை 2001இல் திரும்ப வந்தது. கையால் அரிப்பதற்கு மேலான எந்தச் சுரங்க வேலைக்கும் முழுத் திட்ட அறிக்கை தேவை என்பதும் சேர்ந்து வந்தது. ஐந்து ஏக்கருக்குள் வேலை செய்தால் அறிவிப்பு போதும் என்ற பழைய சலுகை, கனிமம் எடுப்போருக்கு இல்லாமல் போயிற்று.

கைவிடப்பட்ட சுரங்கங்களைப் பற்றிய கேள்விக்கும் தேடுவோரின் பதில் முழுமையானதல்ல. பொது நிலங்களில் கைவிடப்பட்ட உலோகச் சுரங்கங்களின் குழி, சுரங்கவழி, கழிவுமேடு என 1,40,000 எச்சங்களாவது இருப்பதாக 2020இல் அரசின் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. 2015 ஆகஸ்ட் 5 அன்று கொலராடோவின் கோல்டு கிங் சுரங்கத்திலிருந்து, சுற்றுச்சூழல் முகமை அமர்த்திய பணியாளர்கள் தோண்டியபோது உடைத்துக்கொண்டு, 30 லட்சம் காலன் அமில நீர் பாய்ந்தது. அனிமாஸ் ஆறு மஞ்சளாய் ஓடியது. அவை எங்கள் பாட்டன் காலத்துப் பாவம் என்கிறார்கள் தேடுவோர். பாவம் யாருடையதானாலும் கீழே அந்த நீரை நம்பியிருந்த நவஹோ பழங்குடி உழவர்கள் பாசனத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய கழிவுமேட்டைத் தோண்டிச் சுத்தம் செய்ய முன்வருவோர்மீது முழுப் பொறுப்பும் விழுமே என்ற அச்சத்தை நீக்க 2024 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. முதற்கட்டமாக 15 அனுமதிகளுக்கு அது இடம் தருகிறது.

தேடும் உரிமையையும் எடுக்கும் உரிமையையும் 1872 சட்டம் ஒரே முடிச்சில் போட்டதே இச்சிக்கலின் வேர். கம்பும் தட்டுமாகப் போகிறவருக்குத் திறந்திருக்கும் வழி, உற்பத்தி தொடங்கும் இடத்தில் கணக்குக் கேட்கும் வழியாக மாற வேண்டும். கம்பு நடுமுன் அந்நிலத்தைப் புனிதமாகப் போற்றும் பழங்குடிகளிடம் ஒரு வார்த்தை கேட்பதும் அதில் சேர வேண்டும். 1872க்குப் பின் வந்த எந்தத் திருத்தமும் இந்த முடிச்சை அவிழ்க்கவில்லை. 2024இல் ஆண்டுக் கட்டணம் மட்டும் 165 டாலரிலிருந்து 200 ஆனது. 10 கிளெய்ம் விலக்கு தொடர்கிறது. அதற்கான தாளைக் கொடுக்கக் கடைசி நாள் செப்டம்பர் 1.