தொன்னை, தோனா, பத்தல்: ஓர் இலைத் தட்டின் வணிக வரலாறு

2018 ஜூலையில் கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் சில பொருள்களுக்கு முழு வரிவிலக்கு அளித்தது. சானிட்டரி நாப்கின் அவற்றுள் ஒன்றாக இருந்ததால் நாளிதழ்கள் பெரும்பாலும் அதைப் பற்றியே எழுதின. அதே பட்டியலில் சால் இலை, சியாலி இலை ஆகியவற்றால் செய்த பொருள்களும், ரோமன் எழுத்தில் 'கலி தோனா' என்ற இரு சொற்களும் இருந்தன. ஆங்கில அறிவிக்கை அச்சொற்களை மொழிபெயர்க்க முயலவில்லை. ரோமன் எழுத்து குறிலையும் நெடிலையும் பிரித்துக் காட்டாது என்பதால், இந்தி அறிந்த ஒருவர் அதனை 'காலி தோனா' என்று, அதாவது வெறுந்தொன்னை என்று, படித்துவிடக்கூடும். ஒடியாவிலோ 'கலி' என்பது ஈர்க்கு குத்தித் தைத்த இலைத் தட்டு. வெறுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெயர்களின் வரலாறே பொருளின் தொன்மைக்குச் சான்று. இந்தியின் 'தோனா', மராத்தியின் 'த்ரோண்', கன்னடத்தின் 'தொன்னெ', தமிழின் 'தொன்னை' ஆகியவை ஒரே சொற்குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றோடு ஒப்பிடப்படும் வடமொழிச் சொல்லான 'த்ரோண' மரத்தொட்டியையும் ஒரு முகத்தலளவையையும் குறித்தது. இந்தியின் 'பத்தல்', மராத்தியின் 'பத்ராவளி' ஆகியவை இலை எனப் பொருள்படும் 'பத்ர' என்பதிலிருந்து வந்தவை. ஒரு துணைக்கண்டம் முழுவதும் தனக்கெனப் பெயர் பெற்றிருந்த இப்பொருளைத்தான் இன்றைய வணிக மொழி 'பிளாஸ்டிக்குக்கு மாற்று' என்று அறிமுகப்படுத்துகிறது. கால வரிசைப்படி பார்த்தால் பிளாஸ்டிக்தான் மாற்றாக வந்தது. இந்தியாவில் பாலிஸ்டைரீன் உற்பத்தி தொடங்கியதே 1957-இல்தான்.

இலைத் தட்டு காட்டிலிருந்து தானாக ஊருக்கு வந்துவிடவில்லை. அதற்கென ஒரு தொழிற்பிரிவும், அப்பிரிவுக்கென ஒரு சாதியும் இருந்தன. வில்லியம் குருக் 1896-இல் வெளியிட்ட வடமேற்கு மாகாணங்கள், அவத் பகுதிச் சாதிகள் பற்றிய நூலும், ரஸ்ஸலும் ஹிராலாலும் 1916-இல் வெளியிட்ட மத்திய மாகாணங்கள் பற்றிய நூலும் 'பாரி' என்னும் சாதியினரை வீட்டுப் பணியாளர்களாகவும் இலைத் தட்டு செய்பவர்களாகவும் பதிவு செய்கின்றன. திருமணங்களுக்கும் ஈமச் சடங்குகளுக்கும் பத்தலும் தோனாவும் தைத்துக் கொடுப்பது அவர்களது கடமை. கூலி பெரும்பாலும் தானியமாகவோ விருந்தின் ஒரு பங்காகவோ கிடைத்தது. காட்டோரங்களில் முசஹர்களும் இலை பறித்துத் தட்டு தைத்து விற்றனர். காலனியப் பதிவுகள் சாதியையும் தொழிலையும் இறுக்கிப் பிணைத்துக் காட்டும் இயல்புடையவை என்பதை மறக்கலாகாது. ஆயினும் இலைத் தட்டுக்குப் பின்னால் ஓர் ஒழுங்குபட்ட உழைப்பு அமைப்பு இருந்தது என்பதை அவை ஐயமின்றிக் காட்டுகின்றன.

ஒருமுறை பயன்படுத்தி எறிவது பிளாஸ்டிக் கொண்டுவந்த பழக்கம் என்று பலர் கருதுகின்றனர். இலைத் தட்டின் வரலாறு இதனை மறுக்கிறது. உலோகக் கலத்தைத் துலக்கித் தூய்மையாக்கலாம். மண் கலமும் இலையும் எச்சில் பட்டால் மீளா என்பது சாதியச் சமூகத்தின் தீட்டுக் கணக்கு. பல சாதியினர் உண்ணும் பெருவிருந்தில் யாருடைய கலத்தில் யார் உண்பது என்னும் சிக்கலை இலை ஒரே வீச்சில் தீர்த்தது. எறியப்பட்ட இலையை எடுப்பவர் யார் என்பதும் அதே கணக்கில்தான் தீர்மானிக்கப்பட்டது. ஓம்பிரகாஷ் வால்மீகி 1997-இல் வெளியிட்ட தன்வரலாற்றுக்கு 'ஜூட்டன்', அதாவது எச்சில், என்றே பெயர். முசாபர்நகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், திருமண விருந்து முடிந்தபின் உண்டு எறிந்த பத்தல்களைக் கூடையில் வாரிச் சென்று, அவற்றில் ஒட்டியிருந்ததை உணவாக்கிய தம் சமூகத்தின் வாழ்வை அவர் எழுதுகிறார். பிள்ளைகளுக்கு உணவு கேட்ட அவருடைய தாய்க்கு அந்தக் கூடையே சுட்டிக்காட்டப்பட்டது. அவர் அதனைக் கவிழ்த்துவிட்டு வெளியேறினார். அதன்பின் அந்த வாயிலுக்குத் திரும்பவில்லை. 'பாட்டன் காலத்துப் பசுமை மரபு' என்று இலைத் தட்டை விற்கும் விளம்பரங்களில் இந்தக் கூடைக்கு இடமிருப்பதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வமைப்பு குலைந்தது. தானியக் கூலி முறை தளர்ந்தது. பாரிகளின் அடுத்த தலைமுறை வேறு தொழில்களை நாடியது. அத்தளர்ச்சியில் இழப்பு மட்டுமே இருந்தது என்று சொல்ல முடியாது. அந்த இடத்தில் தெர்மாகோல் தட்டும், வெள்ளிநிறப் படலம் ஒட்டிய தாள் தொன்னையும் வந்து அமர்ந்தன. அவை குழம்பை ஒழுகவிடுவதில்லை; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும்; மழைக்காலத்திலும் பூஞ்சை பிடிப்பதில்லை; மொத்தக் கடையில் எப்போதும் கிடைக்கும். வட இந்தியச் சந்தைகளில் அந்தத் தாள் கிண்ணத்துக்கும் 'தோனா' என்றே பெயர். இலை போய்விட்டது, சொல் தங்கிவிட்டது.

கிழக்கு இந்தியாவில் கதை சற்று வேறு. அங்கே இலைத் தட்டு அழியாமல் காட்டோரப் பெண்களின் கைவருவாயாக நிலைத்தது. அதற்கு எதிர்பாராத ஒரு காரணம் வனத்துறையின் பரிசோதனை ஒன்று. 1972-இல் மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்து அராபாரியில், அஜித் குமார் பானர்ஜி என்னும் வன அதிகாரி 11 சிற்றூர்களைச் சேர்ந்த 618 குடும்பங்களோடு ஓர் ஏற்பாடு செய்தார். சீரழிந்த சால் காட்டை அவர்கள் காப்பது, பதிலுக்கு மர விற்பனையில் 25 விழுக்காட்டையும் மரமல்லாத விளைபொருள்களையும் பெறுவது என்பதே அது. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இயல்பு சாலுக்கு உண்டு. அவ்வாறு துளிர்த்த இளங்காட்டின் இலைகள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. மரத்தில் பங்கு என்பது காடு முற்றி வெட்டப்படும்வரை காத்திருக்க வேண்டிய வருவாய். இலை அன்றாடம் கைக்கு வருவது. இம்முயற்சியின் அடியொற்றியே 1990-இல் கூட்டு வன மேலாண்மை பற்றிய நடுவண் அரசின் சுற்றறிக்கை வந்தது. ஆவணங்கள் அதனை வனப் பாதுகாப்பின் வெற்றியாகப் போற்றுகின்றன. இலைத் தட்டுத் தொழிலின் மூலப்பொருள் வரலாறாகவும் அதனைப் படிக்கலாம்.

தொழிலின் படிநிலைகள் எளியவை. காலையில் காட்டுக்குச் சென்று பறித்து வந்த இலைகளை அடுக்கி, மெல்லிய ஈர்க்குகளால் குத்தி இணைத்து, வெயிலில் உலர்த்தி, கட்டுக்கட்டாக வணிகரிடம் கொடுப்பது வீட்டில் நடப்பது. தையல் எந்திரத்தில் இரட்டை அடுக்காகத் தைத்து, சூடான அச்சில் அழுத்தி, விளிம்பு வெட்டி, நகரத்துக்கு அனுப்புவது அதற்குப் பின் நடப்பது. தட்டு வடிவம் பெறுவதும் விலை ஏறுவதும் இந்த இரண்டாம் பகுதியில்தான். ஆகவே இலைத் தட்டு வணிகத்தின் நோக்கத்தை மதிப்பிட விரும்பும் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய வினா மிகவும் சாதாரணமானது: அச்சு எந்திரம் யாருடையது?

சட்டம் இவ்வினாவை இலையோடு நிறுத்திக்கொண்டது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டிலிருந்து கொண்டுவரப்படும் இலையையும் 'வன விளைபொருள்' என்று வரையறுத்து அரசின் கட்டுப்பாட்டில் வைத்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன விளைபொருள்களைத் திரட்டவும் பயன்படுத்தவும் விற்கவும் வனவாசிகளுக்கு உரிமையளித்து, அவற்றின் உடைமையையும் அவர்களுக்கே உரியதாக்கியது. எண்பது ஆண்டு இடைவெளியில் இது பெரிய மாற்றமே. எனினும் உடைமையான இலையை விலையுள்ள தட்டாக மாற்ற எந்திரமும் மின்சாரமும் கிடங்கும் கடனும் வேண்டும். அவை சட்டத்தின் பொருளல்ல.

பின்னர் தடை வந்தது. 2021 ஆகஸ்ட் 12-இல் அறிவிக்கப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மைத் திருத்த விதிகள், தட்டு, குவளை, கரண்டி, உறிஞ்சுகுழல் முதலிய ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்களை 2022 ஜூலை 1 முதல் தடை செய்தன. புதிய சந்தை திறந்தது. ஆனால் வெவ்வேறு தாவரங்கள் அதற்குள் வெவ்வேறு வலிமையோடு நுழைந்தன. கர்நாடகத்தின் பாக்கு மட்டைத் தட்டு ஏற்றுமதியில் முன்னே சென்றது. 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாக்கில் உள்ள அரிகோலின் போன்ற வேதிப்பொருள்களைச் சுட்டி எச்சரித்தபோது தடுமாறியது. கரும்புச் சக்கையோ உறுதியான அடித்தளத்தில் நின்றது. 1981-இல் ஃபைசாபாத்தில் தொடங்கிய யஷ் பேப்பர்ஸ் நிறுவனம் ஏற்கெனவே சக்கையிலிருந்து தாள் செய்துவந்தது. 2017-இல், அதாவது தடைக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, அது 'சக்' என்ற பெயரில் சக்கைக்கூழ்த் தட்டுகளைக் கொண்டுவந்தது. குருக் விவரித்த பாரிகள் பத்தல் தைத்த அதே அவத் பகுதியில் இது நிகழ்ந்தது என்பதை எவரும் திட்டமிட்டிருக்க முடியாது.

தொழில்முனைவோர் என்ற அளவில் அந்நிறுவனத்தின் கணக்கு பிழையற்றது. சர்க்கரை ஆலையில் சக்கை ஓரிடத்தில் குவிகிறது. தரம் ஒரே சீராக இருக்கிறது. பத்தாயிரம் தட்டுகளும் ஒரே அளவில் வார்க்கப்படுகின்றன. ரயில்வேக்கும் பெரிய உணவகங்களுக்கும் வேண்டியது இந்தச் சீர்மைதான். சால் இலையோ ஒவ்வொன்றும் ஓர் அளவு. அதன் மூலப்பொருள் ஆயிரக்கணக்கான கைகளில் சிதறிக் கிடக்கிறது. வணிகப் பாடநூல் அந்தச் சிதறலைக் குறைபாடு என்று கருதும். காட்டோரக் குடும்பங்களுக்கு அதுவே வருவாய். இரு தட்டுகளும் மண்ணில் மக்குகின்றன. தவிர்க்கப்பட்ட பிளாஸ்டிக்கின் எடையை மட்டும் நோக்கமாக எழுதிக்கொண்டால் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. கூலியையும் சேர்த்து எழுதினால் அவை வெவ்வேறு வணிகங்கள்.

2023 செப்டம்பர் 17-இல் நடுவண் அரசு மரபுக் கைவினைஞர்களுக்கெனப் பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சியும் கருவிகளுக்கான உதவியும் பிணையில்லாக் கடனும் பெறத் தக்கவையாக 18 தொழில்கள் பட்டியலிடப்பட்டன. குயவர், பூமாலை கட்டுபவர், கூடை, பாய், துடைப்பம் செய்பவர், மீன்வலை பின்னுபவர் எனப் பலரும் அதில் இருக்கின்றனர். இலைத் தட்டு தைப்பவர் அந்தப் பதினெட்டில் இல்லை.